பெருந்தொற்று ஃப்ளூ பற்றி டர்பன் தமிழர்களுக்கு எவ்வளவு தெரியும்? கணக்கெடுப்புக்கு யோசனை வேண்டும்

உம்கேனிக்கரை கேட்டது:

வணக்கம். எங்கள் பக்கத்துக் கோயில் சங்கங்கள் சில சேர்ந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் ஒரு கணக்கெடுப்பு நடத்த இருக்கின்றன. புது வகை ஃப்ளூ ஒன்று உலகம் முழுக்கப் பரவினால் யாருக்கு ஆபத்து அதிகம், வீட்டில் என்ன செய்ய வேண்டும், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதெல்லாம் நம் மக்களுக்கு எந்த அளவுக்குத் தெரியும் என்று பார்ப்பதுதான் நோக்கம். வயது, படிப்பு, வருமானம், ஆண் பெண், வீட்டு மொழி இவற்றை வைத்துப் பிரித்துப் பார்த்தால், அடுத்த குளிர்காலத்துக்கு முன் விளக்கக் கூட்டங்களை யாருக்கு, எங்கே வைப்பது என்று முடிவு செய்யலாம்.

கையில் இருப்பது பத்துத் தொண்டர்கள், ஆறு வார இறுதிகள். 300 பேரைப் பார்க்க முடியும். சரியா தவறா வகையில் 25 கேள்விகள் ஆங்கிலத்தில் தயார். பெரியவர்களுக்காகத் தமிழிலும் போட வேண்டும்.

300 போதுமா? வெள்ளிக்கிழமை கோயில் வாசலிலேயே கேட்டுவிடலாமா, வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா, வீடு வீடாகத்தான் போக வேண்டுமா? கொரோனாவுக்குப் பிறகு இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

கோயில் வாசல் வேண்டாம். வெள்ளிக்கிழமை வருபவர்களில் ஓய்வு பெற்றவர்களும், வீட்டில் இருக்கும் பெண்களும், கார் வைத்திருப்பவர்களும்தான் அதிகம். ஷிஃப்டு வேலைக்காரர்கள், படுத்த படுக்கையில் இருக்கும் பெரியவர்கள், கைக்குழந்தைக்காரிகள் வரமாட்டார்கள். தமிழ்க் குடும்பங்களில் கணிசமானோர் கிறிஸ்தவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். யாருக்குத் தெரியவில்லை என்று தேடுகிறீர்களோ அவர்களில் பெரும்பாலோர் அந்த வாசலுக்கு வெளியேதான் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பும் சரிப்படாது. பதில் தெரியாதவர் கூகுளில் பார்த்துவிட்டு டிக் போடுவார். டேட்டா இருப்பவருக்கு மதிப்பெண் ஏறும், முதியவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

எனவே வீடுதான். எண்ணிக்கைக்கு வருவோம்.

ஒரே தெருவில் இருப்பவர்களின் வருமானம், படிப்பு, காதில் விழும் செய்தி எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அதனால் ஒரு தெருவில் பன்னிரண்டு பேரைக் கேட்டால் பன்னிரண்டு தனித்தனிப் பேருக்கான தகவல் கிடைக்காது. ஒரே தெருக்காரர்களின் பதில்களுக்கு இடையிலான ஒற்றுமை (0 முதல் 1 வரையான அளவில்) 0.05 என்று வைத்துக்கொண்டால், இழப்பைக் காட்டும் பெருக்கம் 1 + (தெருவுக்கு எத்தனை பேர் − 1) × 0.05. 25 தெரு, தெருவுக்கு 12 பேர் என்றால் 1.55 வரும்; 300ஐ அதால் வகுத்தால், உங்கள் 300 பேர் சுமார் 194 பேருக்குத்தான் சமம். அதையே 50 தெரு, தெருவுக்கு 6 பேர் என்று மாற்றினால் 1.25, 300 பேர் 240 பேருக்குச் சமம். பெட்ரோல் கொஞ்சம் கூடச் செலவாகும், ஆனால் அதே உழைப்பில் கூடுதல் துல்லியம். இரண்டாவதைத்தான் செய்யுங்கள்.

அப்படிச் செய்தாலும் 240ஐப் பாதிப் பாதியாகப் பிரித்தால் (மேட்ரிக் என்னும் பள்ளி இறுதித் தேர்வை முடித்தவர், முடிக்காதவர் என்று வையுங்கள்) சரியாகச் சொன்னவர்களின் விகிதத்தில் இரு தரப்புக்கும் இடையே 18 சதவீதப் புள்ளி வித்தியாசம் இருந்தால்தான் நம்பிச் சொல்ல முடியும். 15 புள்ளியைப் பிடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு தரப்பிலும் சுமார் 170 பேருக்குச் சமமான தகவல் தேவை. 300 பேரை வயது, படிப்பு, மொழி, பால் என்று நாலாப் பக்கமும் வெட்டினால் பல கட்டங்களில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். அந்தக் கட்டங்களிலிருந்து வரும் சதவீதத்தை யாரும் அறிக்கையில் போடக் கூடாது. எந்த இரண்டு ஒப்பீடு உங்களுக்கு உயிர் என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் வாக்கு: 60 வயதுக்கு மேல் / கீழ், மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இருக்கிறது / இல்லை.

தெருவுக்குள் நுழைந்ததும் முதல் வீட்டைச் சீட்டுப் போட்டு எடுங்கள். அங்கிருந்து ஒவ்வோர் ஐந்தாவது வீடு. வீட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் யாருக்குக் கடைசியாகப் பிறந்தநாள் வந்ததோ அவரிடம்தான் கேட்க வேண்டும். இதை விட்டால் வாசல் கேட்டுக்கு வரும் குடும்பத் தலைவரே எல்லா வீட்டிலும் பதில் சொல்லிவிடுவார். அந்த ஆள் இல்லையென்றால் சனிக்கிழமை காலை, ஞாயிறு மாலை, வாரநாள் இரவு ஏழு மணிக்கு என்று மூன்று முறை போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரை வைத்து நிரப்பக் கூடாது. எப்போதும் வீட்டில் இருப்பவர் வேறு மாதிரி ஆள், வேலைக்குப் போய் இரவில் திரும்புபவர் வேறு மாதிரி ஆள்.

இன்னொன்று, கொல்லையில் இருக்கும் அவுட்பில்டிங். வாடகைக்கு இருக்கும் குடும்பத்தைத் தனி வீடாகவே எண்ணுங்கள். இடநெருக்கடி அங்கேதான் அதிகம், தொற்று வேகமாகப் பாய்வதும் அங்கேதான். வீட்டுக்காரர் "அவங்களை எதுக்கு" என்பார். பணிவாகச் சொல்லிவிட்டுப் போய்க் கேளுங்கள்.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதற்கும் விடுபட்டோர் விகிதம் சுமார் 31 சதவீதம். ஆகவே அதன் வார்டு வாரியான எண்களுக்கு ஏற்ப உங்கள் முடிவுகளை எடைபோட்டுத் திருத்துவதில் அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கை வேண்டாம்.

வார்டு செவிலி:

கேள்வித்தாளைப் பற்றி நான் சொல்கிறேன். கணக்குப்பிள்ளை ஐயா சொன்னபடி ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தும் கேள்வி சொதப்பினால் எல்லாம் வீண்.

25 கேள்வியும் சரியா தவறா என்றால், ஒன்றுமே தெரியாதவர் கண்ணை மூடிக்கொண்டு டிக் போட்டாலும் 12, 13 வாங்கிவிடுவார். மூன்றாவதாக "தெரியாது" என்று அச்சிலேயே போடுங்கள். தொண்டர் "சும்மா ஏதாவது சொல்லுங்கம்மா" என்று தள்ளக் கூடாது. தவறாகத் தெரிந்திருப்பவர் ஒரு வகை, தெரியாது என்பவர் இன்னொரு வகை. முன்னவருக்கு நம்பிக்கையை மாற்ற வேண்டும், பின்னவருக்குச் செய்தியைக் கொண்டு சேர்த்தால் போதும். பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும் தெரியாது என்று நேர்மையாகச் சொல்லிவிடுவார்கள், இளைஞர்களும் ஆண்களும் ஊகித்துவிடுவார்கள். "தெரியாது" என்பதையும் தவறையும் ஒரே பூஜ்யமாகப் போட்டால் பெண்களுக்கு அறிவு குறைவு என்று பொய்யான முடிவு வரும்.

"ஃப்ளூ ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும்" மாதிரி கேள்விகளை எடுத்துவிடுங்கள். ஏறக்குறைய எல்லோரும் சரியாகச் சொல்லும் கேள்வி யாரையும் பிரித்துக் காட்டாது. இங்கே மூக்கு ஒழுகினாலே ஃப்ளூ என்பார்கள், அதனால் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள். இப்படி:

"உங்கள் வீட்டில் ஒருவருக்கு நேற்று மாலைவரை ஒன்றுமில்லை. இன்று காலை திடீரென்று குளிர் காய்ச்சல், அடித்துப் போட்டாற்போல உடம்பு வலி, வறட்டு இருமல், எழுந்து நிற்க முடியவில்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. முதலில் என்ன செய்வீர்கள்? வேறு என்ன? இன்னும் ஏதாவது?"

மூன்று முறை கேட்டுவிட்டு நிறுத்துங்கள். பட்டியலை வாசித்துக் காட்டக் கூடாது. தொண்டரின் தாளில் மட்டும் கட்டங்கள் இருக்கட்டும்: தனியாகப் படுக்க வைப்பது, அன்றே கிளினிக்குக்கோ டாக்டருக்கோ சொல்வது, நீர் கொடுப்பது, சர்க்கரை அளவு பார்ப்பது, கைவைத்தியம், ஆன்டிபயாட்டிக் வாங்குவது, மற்றவை. "அன்றே" என்பது முக்கியம். ஃப்ளூ கிருமியை அடக்கும் ஓசெல்டாமிவிர் மாதிரி மருந்து அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். சர்க்கரை உள்ளவருக்கு ஃப்ளூ முற்றும் அபாயம் அதிகம், நம் சமூகத்தில் சர்க்கரை எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

கைவைத்தியத்தைத் தவறு என்று மதிப்பெண் குறைக்காதீர்கள். மிளகு ரசமும் மஞ்சள் பாலும் குடிப்பதால் ஒன்றும் கெடப்போவதில்லை. கேட்க வேண்டியது "அதோடு சேர்த்து டாக்டரிடமும் போவீர்களா, இது போதுமா?" என்பதை.

மருந்துப் பெட்டியிலிருந்து இரண்டு கேள்வி கட்டாயம் வேண்டும். கிராண்ட்பா வலிநிவாரணப் பொடியின் படத்தைக் காட்டி, "பத்து வயதுப் பிள்ளைக்கு ஃப்ளூ காய்ச்சல், இதில் பாதி கொடுக்கலாமா?" என்று கேளுங்கள். அதில் ஆஸ்பிரின் இருக்கிறது. ஃப்ளூ உள்ள பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ரேய் நோய்க்குறி வரலாம். அரிது, ஆனால் மூளையையும் ஈரலையும் தாக்கி உயிரைக் குடிக்கும். இரண்டாவது, பனாடோ மாத்திரையும் மெட்-லெமன் சளி மருந்தும் சேர்த்து எடுக்கலாமா என்பது. இரண்டிலும் பாராசிட்டமால்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 4 கிராமுக்கு மேல் கூடாது, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. ஸ்பாஸா கடையில் (வீட்டோடு இருக்கும் சின்னப் பெட்டிக்கடை) சில்லறையாக வாங்குபவர் கையில் டப்பாவும் இருக்காது, எச்சரிக்கைத் தாளும் இருக்காது. அந்த வித்தியாசம் படிப்பால் வந்ததா, வாங்கும் இடத்தால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க, "எங்கே வாங்குவீர்கள்" என்பதையும் கேளுங்கள்.

ஆபத்து அறிகுறிகளைத் திறந்த கேள்வியாக வையுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, குறைந்த காய்ச்சல் மறுபடி ஏறுவது. குழந்தைக்கு வேகமான மூச்சு, நீலம் பாய்ந்த உதடு, பால் குடிக்காமை. தானாக எத்தனை சொல்கிறார் என்று எண்ணுங்கள்.

யாருக்கு ஆபத்து என்ற கேள்விக்குப் பெரும்பாலும் "வயசானவங்க" என்றுதான் வரும். வருடாந்திர ஃப்ளூவுக்கு அது பொருந்தும். பெருந்தொற்று என்றால் கணக்கு மாறும். 1918இல் செத்தவர்களில் பெரும் பங்கு 20 முதல் 40 வயதுக்குட்பட்ட திடகாத்திரமானவர்கள். கேப் டவுனில் கப்பலிலிருந்து இறங்கிய அந்தக் காய்ச்சல் சில வாரங்களில் இந்த நாட்டில் சுமார் 3 லட்சம் பேரைக் கொண்டுபோனது. 2009 எச்1என்1 வந்தபோது இங்கே ஆய்வகம் உறுதிசெய்த மரணங்கள் 93. இறந்தவர்களில் கர்ப்பிணிகளும் எச்ஐவி தொற்றுள்ளவர்களும் மிகுதி. அதனால் கர்ப்பிணி, சர்க்கரை, எச்ஐவி, ஆஸ்துமா, உடல் பருமன் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கொரோனாக் குழப்பம் கண்டிப்பாக இருக்கும். ஃப்ளூ பகுதியை முதலில் முடியுங்கள். கடைசியில் நாலைந்து வாக்கியம் சொல்லி, "இது ஃப்ளூவுக்கா, கொரோனாவுக்கா, இரண்டுக்குமா?" என்று கேளுங்கள். கை கழுவுதல் இரண்டுக்கும். ஓசெல்டாமிவிர் ஃப்ளூவுக்கு மட்டும். கிருமி பட்டபின் 1 முதல் 4 நாளில் ஃப்ளூ அறிகுறி தெரியும்; கொரோனாவிலும் அப்படித் தெரியலாம், அதனால் நாளை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. வருடாந்திர ஃப்ளூ ஊசி கொரோனாவைத் தடுக்காது, புது வகை ஃப்ளூவையும் தடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

உம்கேனிக்கரை:

மிக்க நன்றி ஐயா, அக்கா. 25 கேள்வியைக் கலைத்துவிட்டு மறுபடி எழுதுகிறோம். இன்னும் இரண்டு: படிப்பையும் வருமானத்தையும் சங்கடம் இல்லாமல் எப்படிக் கேட்பது? வந்த முடிவை எப்படிப் படிப்பது? "படித்தவர்களுக்குத் தெரிகிறது, ஏழைகளுக்குத் தெரியவில்லை" என்று அறிக்கை வந்தால் கமிட்டியில் சிலர் "அவர்களுக்கு அக்கறை இல்லை" என்று முடித்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

பழைய வாத்தியார்:

படிப்புக்கு நான் பதில் சொல்கிறேன். 1990களுக்கு முன் படித்தவர்கள் வகுப்பை ஸ்டாண்டர்டு கணக்கில் சொல்வார்கள், இளையவர்கள் கிரேடு கணக்கில். ஸ்டாண்டர்டு 6 என்றால் இன்றைய கிரேடு 8. இரண்டைக் கூட்ட வேண்டும். ஸ்டாண்டர்டு 10 என்றால் மேட்ரிக், கிரேடு 12. இதைத் தொண்டரின் தாளில் அட்டவணையாக ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் முதியவர்கள் எல்லோரும் இரண்டு வருடம் குறைத்துப் பதிவாகி, வயதுக்கும் படிப்புக்கும் இல்லாத தொடர்பு ஒன்று முளைக்கும்.

மொழியைப் பொறுத்தவரை, ஆங்கிலத் தாளை ஒருவரே தமிழாக்கக் கூடாது. இருவர் தனித்தனியாகச் செய்யட்டும், பிறகு உட்கார்ந்து ஒப்பிட்டு ஒன்றாக்குங்கள். அதைத் தாளில் படிக்கக் கொடுக்காமல் வாசித்துக் காட்டுங்கள். இங்கே 70 வயதுப் பாட்டிக்குத் தமிழ் காதுக்குப் பழக்கம், எழுத்துக்கு அல்ல. சென்னைப் பத்திரிகைத் தமிழில் "சுவாசக் கோளாறு" என்று போட்டால் விழிப்பார். "மூச்சு வாங்குதா, மூச்சு முட்டுதா" என்றால் உடனே பதில் வரும். முதலில் ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் ஐந்தாறு பேரிடம் வாசித்து, "இப்ப நான் என்ன கேட்டேன்னு உங்க வாயால சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வது வேறாக இருந்தால் கேள்வியை மாற்றுங்கள். அவுட்பில்டிங் குடும்பங்களுக்கு ஜூலு மொழித் தாளும் வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

வருமானத்தை ரேண்டில் கேட்காதீர்கள், பாதிப் பேர் சொல்லமாட்டார்கள், சொல்பவர்களும் குறைத்துச் சொல்வார்கள். மெடிக்கல் எய்ட் உண்டா, வீட்டில் யாராவது சாசா மானியம் (அரசின் சமூக உதவித்தொகை) வாங்குகிறார்களா, எத்தனை பேருக்கு எத்தனை படுக்கையறை, கார் உண்டா. இந்த நான்கு போதும். நாட்டில் மெடிக்கல் எய்ட் இருப்பவர்கள் சுமார் 15 சதவீதம்தான். கிளிக்ஸ் மருந்துக் கடையில் மார்ச், ஏப்ரலிலேயே காசு கொடுத்து ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்பவருக்கும், அரசு கிளினிக்கில் இலவச ஊசிக்கு வரிசையில் நிற்பவருக்கும் செய்தி வந்து சேரும் வழியே வேறு.

உங்கள் பயம் நியாயமானது. டிசெனர், டோனஹ்யூ, ஓலியன் மூவரும் 1970இலேயே சொன்னது: ஒரு சமூகத்துக்குள் செய்தி பாய்ந்தால், வசதியும் படிப்பும் உள்ளவர்கள் வேகமாக எடுத்துக்கொள்வார்கள், இடைவெளி கூடும். அதாவது பொத்தாம்பொதுவாக நோட்டீஸ் அடித்தால் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கே இன்னும் தெரியும். கமிட்டியிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வித்தாளிலேயே இரண்டு பகுதி சேருங்கள். ஒன்று, செய்தி எங்கிருந்து வந்தது: லோட்டஸ் எஃப்எம், வாட்ஸ்அப் ஃபார்வர்டு, கிளினிக் செவிலி, பிள்ளையின் பள்ளிக்கூடம், மருந்துக் கடைக்காரர், யாரும் சொல்லவில்லை. இதை அறிவுக் கேள்விகளுக்குப் பிறகு கேட்க வேண்டும், முன்னால் கேட்டால் பதிலை நினைவுபடுத்திவிடும். இரண்டாவது, தெரிந்ததைச் செய்ய முடியுமா: நோயாளியைத் தனி அறையில் வைக்க இடம் உண்டா, இரவு பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி உண்டா, வேலைக்குப் போகாவிட்டால் கூலி போகுமா. சட்டப்படி தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வேலைக்குப் போகாதவரிடம் முதலாளி மருத்துவச் சான்றிதழ் கேட்கலாம், இல்லாவிட்டால் சம்பளம் தர வேண்டியதில்லை. ஃப்ளூவுக்கு ஐந்து நாள் வீட்டில் இருங்கள் என்று சொல்கிறோமே, சான்றிதழுக்கு டாக்டர் ஃபீஸ் எங்கிருந்து வரும்? "வீட்டில் இருக்க வேண்டும் என்று தெரியும், இருக்க முடியாது" என்ற கட்டத்தில் விழுபவர்களுக்கு விளக்கக் கூட்டம் எத்தனை போட்டாலும் பலன் இல்லை.

கணக்குப் போடும்போது வயதையும் படிப்பையும் தனித்தனிப் பட்டியலாக விடாதீர்கள். முதியவர்கள், அதிலும் பெண்கள், பள்ளியைச் சீக்கிரம் விட்டவர்கள். "60க்கு மேல் அறிவு குறைவு" என்று தெரிவது உண்மையில் படிப்பாக இருக்கலாம். படிப்பைச் சமமாக்கிப் பார்த்தால் வயதின் வித்தியாசம் சுருங்கலாம், மறையலாம், சில கேள்விகளில் தலைகீழாகவும் ஆகலாம். லாஜிஸ்டிக் பின்னடைவு (சரியாகச் சொல்வதில் ஒவ்வொரு காரணியின் பங்கையும் பிரித்துக் காட்டும் கணக்கு) போடுவதாக இருந்தால், சரியாகச் சொன்னவர், சொல்லாதவர் இரு தரப்பில் எது சிறியதோ அதில் பத்துப் பேருக்கு ஒரு காரணி என்ற அளவைத் தாண்டாதீர்கள். 40 பேர் மட்டும் சரியாகச் சொன்ன கேள்விக்கு நான்கு காரணிதான். மென்பொருளில் தெரு அடையாளத்தையும் கொடுங்கள், கொடுக்காவிட்டால் இல்லாத வித்தியாசமும் இருப்பதாகக் காட்டும்.

மொத்த மதிப்பெண்ணை 60 சதவீதத்தில் வெட்டி "நல்ல அறிவு, மோசமான அறிவு" என்று போடும் பழக்கத்தை ஒழிக்க வேண்டும். கிராண்ட்பா கேள்வியில் தவறியவரும், அறிகுறி எத்தனை நாளில் தெரியும் என்பதில் தவறியவரும் ஒன்றல்ல. கேள்வி வாரியாகக் காட்டுங்கள்.

வார்டு செவிலி:

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஃப்ளூ சீசன் பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூனுக்குள் தொடங்கிவிடும். மாரியம்மன் கோயில்களில் ஆடிக் கூழ் ஊற்றுவது ஜூலை, ஆகஸ்டில், சீசனுக்கு உள்ளேயே வரும். பேட்டிகளை பிப்ரவரி, மார்ச்சில் முடித்தால் ஏப்ரலில் கூட்டங்கள், ஊசி வந்ததும் வழிகாட்டல், கூழ் நாளுக்கு முன் ஏற்பாடு என்று வரிசையாகப் போகும்.

பெயர், போன் நம்பரைக் கேள்வித்தாளில் எழுதாதீர்கள். உடல்நலமும் இனமும் போப்பியா என்னும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உள்ள விவரங்கள். வீட்டு எண் உள்ள பட்டியல் ஒரு பையில், தாள்கள் இன்னொரு பையில். எச்ஐவி பற்றிய பகுதியை வாசல் கேட்டருகே நின்று, மாமியார் காதுபட வாசிக்க வேண்டாம். "உங்களுக்கு இருக்கிறதா" என்று எங்கேயும் கேட்கவே கூடாது.

சரியான விடை அச்சிட்ட நோட்டீஸைப் பேட்டி முடிந்ததும் கொடுக்கத் தோன்றும். அந்தத் தெருவில் ஆறு பேரும் முடியும்வரை கொடுக்காதீர்கள், அடுத்த வீட்டுக்குப் பதில் முன்னாலேயே போய்விடும். ஆனால் பிள்ளைக்குக் கிராண்ட்பா கொடுக்கலாம் என்றோ, மூச்சு முட்டினால் காலைவரை பார்க்கலாம் என்றோ ஒருவர் சொன்னால் காத்திருக்கக் கூடாது. பதிலை எழுதி, தாளை மூடிவிட்டு, அந்த ஒன்றை மட்டும் அங்கேயே அவருக்கு வாயால் திருத்திச் சொல்லுங்கள். யாருக்குத் திருத்தினோம் என்று தாளின் ஓரத்தில் ஒரு குறி போட்டால் கணக்கிலும் பிசகு வராது.